மூளை நரம்புச் சோதனைகள்: நோயாளிகளும் வீட்டாரும் அறிய வேண்டுவன

கால் எலும்பு முறிந்தவனைக் கண்டால் ஊரில் எவரும் ஐயுறுவதில்லை. வீக்கம் தெரிகிறது, வளைவு தெரிகிறது, அவனும் வலி தாளாமல் கதறுகிறான். மூளையையும் நரம்புகளையும் பற்றும் வியாதிகள் அத்தகையன அல்ல. நேற்று அந்தி வரை வயலில் நின்றவர் இன்று காலை வாய் கோணி, பேச்சுக் குழறிக் கிடக்கிறார். பள்ளியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த சிறுமி சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் எழுதத் தொடங்குகிறாள். வெளியே காயமில்லை, இன்ன இடம் என்று தொட்டுக் காட்டவும் வழியில்லை. இவ்வகை நோய்களைக் குறித்துத் தெய்வக் குற்றம் என்றும், காற்றுக் கருப்பு என்றும், செய்வினை என்றும் நம் ஊர்களில் பேச்சு வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

இப்பொழுது நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரங்கள் மாவட்டத் தலைநகர்கள் வரை வந்துவிட்டன. மந்திரிப்பவரிடம் போவதற்கு முன் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற எண்ணமும் பரவியுள்ளது. ஆயின் இம்மாறுதலோடு இரண்டு புதுத் தொல்லைகள் கிளம்பியிருப்பதை நாம் காண்கிறோம். சிலர் மருத்துவமனை வாசல் வரை துணிந்து வந்துவிட்டு, சோதனையின் பெயரைக் கேட்டதும் அஞ்சித் திரும்புகின்றனர். வேறு சிலரோ, "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று கருதி, டாக்டர் கேட்கும் கேள்விகளுக்குக்கூடச் சரியாக விடை சொல்வதில்லை. இரு சாராரும் இழப்பது ஒன்றே, அது காலம். மூளை நோயில் காலம் போனால் திரும்பப் பெறுவது அரிது. ஆகவே இச்சோதனைகள் எவை, எதற்காகச் செய்யப்படுகின்றன, அவற்றால் எது தெரியும், எது தெரியாது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதற் சோதனை

வலிப்பு வந்தவருக்கு அவ்வேளையில் தமக்கு நேர்ந்தது தெரியாது. மயங்கி விழுந்தவருக்கும் அப்படியே. ஆகையால் டாக்டருக்குக் கண்ணாக இருப்பவர் அப்போது அருகில் இருந்தவரே. நம் ஊர்களில் நடப்பது என்ன? விழுந்ததைக் கண்ட பாட்டியையோ மனைவியையோ வீட்டில் விட்டுவிட்டு, "விவரம் தெரிந்தவர்" என்று ஊரில் படித்த ஒருவரை நோயாளியுடன் அனுப்பி வைக்கிறோம். அவர் விவரம் பல அறிந்தவர்தாம். இந்த ஒரு விவரத்தைத்தான் அறியார்! டாக்டர் கேட்கும்போது அவர் விழிக்கிறார். உடனே இயந்திரத்தை நாட வேண்டியதாகிறது. கண்ணால் கண்டவர் எழுத்தறியாதவராயினும் அவரையே உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

அவர் கவனித்திருக்க வேண்டுபவை சில உண்டு. வலிப்பு எந்தக் கையில் அல்லது எந்தப் பக்கத்தில் முதலில் தொடங்கியது? தலை எப்பக்கம் திரும்பிற்று? கண்கள் திறந்திருந்தனவா? நாக்கைக் கடித்துக்கொண்டாரா? சிறுநீர் போயிற்றா? தெளிய எத்தனை நிமிஷமாயிற்று? தெளிந்ததும் பேசினாரா, குழம்பியிருந்தாரா? வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் வழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. இரும்பைத் தேடி ஓடும் நேரத்தில் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நோயாளியை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் அது நூறு பங்கு பயன் தரும். ஐந்து நிமிஷத்திற்கு மேல் வலிப்பு நீடித்தால் 108 வண்டியை அழைத்துவிட வேண்டும். இந்நாளில் வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. ஒருவர் நோயாளியைக் கவனித்துக்கொள்ள, மற்றொருவர் அந்த ஒரு நிமிஷத்தைப் படம் பிடித்து வைத்தால், பெரிய மருத்துவமனையின் நரம்பியல் நிபுணரும் அதை நன்றியோடு பார்ப்பார்.

அடுத்தது டாக்டர் தம் கையால் செய்யும் சோதனை. முழங்காலின் கீழே சிறு சுத்தியலால் தட்டுகிறார். விரலால் மூக்கைத் தொடச் சொல்கிறார். நேர்கோட்டில் நடக்கச் சொல்கிறார். உள்ளங்காலைக் கீறிப் பார்க்கிறார். "காலைச் சுரண்டினார்; வேறொன்றும் பார்க்கவில்லை" என்று வெளியே வந்து குறை கூறுவோரை நாம் கேட்டிருக்கிறோம். உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் கீழ்நோக்கி மடங்குகிறதா, மேல்நோக்கி எழும்புகிறதா என்பதன் பொருளை 1896ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து டாக்டர் பாபின்ஸ்கி எடுத்துரைத்தார். பெரியவர்களிடம் விரல் மேலெழுந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதையில் எங்கோ பழுது என்று அறியலாம். ஒரு காசும் செலவில்லாத இந்தச் சோதனைதான் படம் எடுக்க வேண்டிய இடம் தலையா, முதுகா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்கிறது. இடம் தவறி எடுத்த படம் எவ்வளவு தெளிவாயிருந்தும் என்ன பயன்?

மின்சாரம் வைப்பதன்று

வலிப்பு நோய்க்கு முதன்மையாகச் செய்வது இ.இ.ஜி. என்னும் மூளை மின்பதிவு. "தலையில் கரண்ட் வைக்கப் போகிறார்கள்" என்ற பேச்சைக் கேட்டுப் பெண்டிர் அழுவதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. இயந்திரம் தலைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. மூளையின் அணுக்கள் வேலை செய்கையில் தாமே உண்டாக்கும் மிக நுண்ணிய மின்சாரத்தை அது வெளியிலிருந்து பதிவு செய்கிறது, அவ்வளவே. அம்மின்சாரத்தின் அளவு ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அவற்றுள் சில பத்துப் பங்குகள்தாம். டார்ச் விளக்கின் ஒரு பாட்டரியில் ஒன்றரை வோல்ட் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் சிறுமை விளங்கும். ஜெர்மனியில் யேனா நகரத்து டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதர் தலையிலிருந்து இதை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் உலகுக்கு வெளியிட்டார்.

செய்முறை எளியது. தலையில் இருபது இடங்கள் வரை பசை தடவிச் சிறு தகடுகளை ஒட்டுவார்கள். கண்ணை மூடித் திறக்கச் சொல்வார்கள்; மூன்று நிமிஷம் ஆழ்ந்து மூச்சு விடச் சொல்வார்கள்; மின்னி மின்னி எரியும் விளக்கை முகத்துக்கு நேரே காட்டுவார்கள். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். வலியில்லை. முதல்நாள் தலையை நன்றாகக் கழுவி எண்ணெய் தடவாமல் போக வேண்டும். எண்ணெய்த் தலையில் தகடு பற்றாது. பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. முந்திய இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரும்படி சொன்னால், அதைத் தண்டனையென்று கருதலாகாது. அயர்ந்து உறங்கும்போதுதான் சிலருடைய மூளை தன் குறையைக் காட்டும். வழக்கமான மாத்திரையை நாமாக நிறுத்திவிட்டுப் போவது பேராபத்து. நிறுத்தச் சொன்னாலன்றி நிறுத்தக் கூடாது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். வலிப்பு நோய் உள்ளவர்களிடத்தும் ஒருமுறை எடுக்கும் இ.இ.ஜி. ஏறத்தாழப் பாதிப்பேரிடம்தான் மாறுதலைக் காட்டுகிறது. வலிப்பு வந்து போன பின்பு, மூளை அமைதியாக இருக்கும் அரைமணி நேரத்தையே அது பதிவு செய்கிறது. மழை பெய்யாத நாளில் ஓடையைப் பார்த்துவிட்டு, இங்கே வெள்ளமே வருவதில்லை என்று சொல்லலாமா? இதை அறியாத பெற்றோர், "இ.இ.ஜி. நன்றாக இருக்கிறது" என்ற ஒரு வரியைக் கண்டு மகளின் மாத்திரையை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகின்றனர். கலியாணக் களைப்பிலும் தூக்கமின்மையிலும் வலிப்பு மீண்டும் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் ஏமாற்றப்பட்டதாகக் கூறுகின்றனர். அந்தப் பெண்ணோ குற்றவாளிபோல் நிற்கிறாள். இதைவிடக் கொடுமை வேறில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தில் வலிப்பு நோயும் திருமணத்துக்கு ஒரு தடையாகக் குறிக்கப்பட்டிருந்தது. 1999இல் அச்சொல்லையே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்ட அச்சத்தை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? மாத்திரையை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நோயின் வகை, வலிப்பு வராமல் கழிந்த ஆண்டுகள் முதலியவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அதற்கு இ.இ.ஜி. ஒரு துணை, நற்சாட்சிப் பத்திரம் அன்று.

முதுகில் எடுக்கும் நீர்

எல்லாச் சோதனைகளிலும் நம் மக்கள் மிகுதியாக அஞ்சுவது இதற்கே. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. மூளைச் சவ்வில் அழற்சி ஏற்பட்டால், அஃதாவது மூளைக்காய்ச்சல் கண்டால், கிருமி எதுவென அறிய அந்த நீரையே பார்த்தாக வேண்டும். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்பது ஊர்ப் பேச்சு.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். எட்டு வயதுச் சிறுவன்; இரண்டு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. மருத்துவமனையில் முதுகு நீரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பாட்டனார் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததற்குக் காரணமும் இருந்தது. அவர் ஊரில் ஒருவருக்கு அந்த ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவருக்குக் கால்கள் வீழ்ந்தன. சிறுவனை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். நான்காம் நாள் அவனுக்கு நினைவு மங்கியது; அலறிக்கொண்டு திரும்பக் கொண்டுவந்தனர். நீர் எடுக்கப்பட்டது, காசநோய்க் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது, ஓராண்டு மருந்து உண்டான். பையன் பிழைத்தான். ஆயினும் வலக்கை இன்றும் சரியாக எழுதவில்லை. அந்த நான்கு நாட்களில் நோய் எவ்வளவு முற்றிற்று என்பதை எவரால் அளந்து சொல்ல முடியும்? பாட்டனாரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் கண்ட மனிதருக்குத் தண்டுவடத்தில் நோய் இருந்ததனால்தான் ஊசியே போடப்பட்டது. கால் வீழ்ந்தது அந்த நோயால் என்பதை அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

எடுத்துச் சொல்வது கடினமும் அன்று. முதுகெலும்பு இடுப்புக்குக் கீழே வரை போகிறது. ஆனால் அதனுள்ளே ஓடும் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு நடுவில், அல்லது இன்னும் ஓர் எலும்பு தள்ளி. அங்கே தண்டுவடம் இல்லை. நீருக்குள் நூலிழைகள்போல் நரம்புகள் தொங்குகின்றன. கிணற்றில் தாம்புக் கயிறு விடும்போது பாசி விலகுவதுபோல அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். எப்போதாவது ஓர் இழையில் ஊசி பட்டால் காலில் மின்வெட்டுப்போல் ஒரு சுரீர். உடனே டாக்டரிடம் சொன்னால் ஊசியைத் திருப்பிவிடுவார். இம்முறையை 1891இல் ஜெர்மானிய டாக்டர் குவின்கே வகுத்தார். நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் செய்யப்பட்டு வருகிறது.

எடுக்கும் நீர் சில மில்லி லிட்டர். இரண்டு தேக்கரண்டி என்று கொள்ளலாம். நம் உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. ஆகவே எடுத்தது ஒரு மணி நேரத்திற்குள் ஊறிவிடும். "மூளைத் தண்ணீர் வற்றிவிடும்" என்று அஞ்ச வேண்டுவதில்லை. நோயாளி ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மார்போடு சேர்த்து வளைய வேண்டும். தோலை மரக்கச் செய்தபின் ஊசி போடுவார்கள். சிலருக்குப் பிறகு தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் மிகும், படுத்தால் குறையும். பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கும். அடங்காவிட்டால் சொன்னால் அதற்கும் வைத்தியம் உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சிலருக்கு முதலில் தலை ஸ்கேன் எடுத்துவிட்டுப் பிறகே நீர் எடுப்பார்கள். தலைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தால் நீர் எடுப்பது தீங்கு என்பதே இதற்குக் காரணம். பணம் பிடுங்கும் வழி என்று ஐயுற வேண்டா.

படம் காட்டுவதும் காட்டாததும்

மண்டையோட்டுக்குள் பார்ப்பது ஒரு காலத்தில் பெருங் கஷ்டமாயிருந்தது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. 1918இல் அமெரிக்க டாக்டர் வால்ட்டர் டாண்டி மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். பின்னர் முதுகுவழியாகவும் காற்றைச் செலுத்தலானார்கள். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை வைத்தியத்தைத் தொடங்கிய காலத்தில் அத்தகைய முறைகளே இருந்தன. இன்று முதியவர்கள் சிலரிடம் காணும் அச்சத்திற்கு அக்காலத்து நினைவும் ஒரு காரணமாகலாம்.

1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் லண்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் இயந்திரத்தால் படம் பிடிக்கப்பட்டது. அதை ஆக்கியவர் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர். இசைத்தட்டுகளால் பெயர் பெற்ற இ.எம்.ஐ. கம்பெனியில் பணியாற்றியவர். 1979இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இச்சோதனை சில நிமிஷங்களில் முடியும். ஒருமுறை தலைக்கு எடுக்கும்போது உடம்பில் படும் கதிரின் அளவு, மண்ணிலும் வானிலுமிருந்து நாம் ஓராண்டில் இயல்பாகப் பெறும் அளவை ஒத்தது. அவசியத்திற்கு எடுப்பதில் தயக்கம் வேண்டா. ஆசைக்கு எடுக்கவும் வேண்டா. கருவுற்ற பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இச்சோதனை உயிரைக் காப்பது பக்கவாதத்தில். வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை இரத்தக் குழாய் அடைபட்டாலும் வரும்; குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வரும். எத்தனை தேர்ந்த டாக்டராயினும் முகத்தைப் பார்த்து உறுதியாகப் பிரித்துச் சொல்ல இயலாது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, கசிவு உள்ளவருக்குச் சென்றால் உயிர் போய்விடும். ஸ்கேன் படமோ கசிவை உடனே வெள்ளையாகக் காட்டிவிடும். கசிவு இல்லையென்று கண்டபின், நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள் அம்மருந்தைச் செலுத்த வேண்டும். இந்த நாலரை மணியில் புறா இரத்தம் தடவுவதில் ஒரு மணியும், உறவினர் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதில் இரண்டு மணியும் போகின்றன. 108 வண்டிக்குச் சொல்லும்போதே "பக்கவாதம்போல் இருக்கிறது; ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைக் கண்ட நேரம் எது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வழியில் ஆஸ்பிரின் முதலிய மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்கலாகாது. இன்னொன்று: அடைப்பினால் வந்த பக்கவாதம் முதற் சில மணிகளில் எடுத்த படத்தில் தெரியாமலே இருக்கலாம். படத்தில் ஒன்றுமில்லை என்று நோயாளியை வீட்டுக்கு இட்டுச் செல்வது அறியாமை. கசிவு இல்லை என்பதைத்தான் அப்படம் சொல்லிற்று. டாக்டர் கேட்ட கேள்வியும் அதுவே.

வலிப்பு வந்தவர்களின் ஸ்கேன் படத்தில் தெரியும் ஒரு சிறு வளையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980களில் நம் நாட்டில் ஸ்கேன் பரவியபோது இத்தகைய வளையங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. காசநோய்க் கட்டி என்று கருதி மாதக் கணக்கில் அதற்கான மருந்தைக் கொடுத்து வந்தனர். வளையம் மறைந்தால் மருந்து வேலை செய்தது என்று எண்ணினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, ராஜசேகர் முதலிய டாக்டர்கள் சிலருக்கு அதை எடுத்து நுண்பெருக்கியில் ஆராய்ந்தபோது, அது நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு என்று கண்டனர். 1989இல் இதனை வெளியிட்டனர். பலருக்கு அக்கூடு தானே சுருங்கி மறைந்துவிடுகிறது என்பதும் தெளிவாயிற்று. அதன்பின் எத்தனையோ பேர் வேண்டாத அறுவையினின்றும் வேண்டாத மருந்தினின்றும் தப்பினர். எனவே வலிப்பு மாத்திரை கொடுத்து, "சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன்" என்று டாக்டர் சொன்னால் சலித்துக்கொள்ளலாகாது. வளையம் சுருங்குகிறதா என்று பார்ப்பதுதான் நோய் இன்னதென உறுதி செய்யும் சோதனை. முதற் படத்தைத் தொலைத்துவிட்டால் இரண்டாம் படத்தை எதனோடு ஒப்பிடுவது?

இந்தப் புழு மூளைக்குப் போன வழியைக் கேட்டால் கிராமத் தொண்டர்கள் திடுக்கிடுவார்கள். பன்றி இறைச்சி உண்டதனால் மூளையில் கூடு வருவதில்லை. சரியாக வேகாத இறைச்சியால் குடலில் புழு வளரும். அப்புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து கீரைக்கும் தண்ணீருக்கும் கைக்கும் அவை ஏறும். அவற்றை விழுங்கியவர் மூளையில் கூடு கட்டுகிறது. ஆகவே பிறந்தது முதல் புலால் தொடாதவருக்கும் இது வரும். கழிப்பிடம் கட்டுவது பற்றி இவ்விதழ் போன்ற ஏடுகள் சொல்வதை அலுப்போடு புரட்டுவோர் உண்டு. ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சியில் காத்திருக்கும் சிறுவர் சிறுமியரை ஒருமுறை பார்த்தால் அந்த அலுப்பு நீங்கும்.

எம்.ஆர்.ஐ. என்பது கதிரின்றிக் காந்தத்தால் எடுக்கும் படம். அங்குள்ள காந்தத்தின் வலிமை பூமியின் காந்த வலிமையைப்போல் முப்பதாயிரம் மடங்கு இருக்கும்; அது ஓயாமல் இழுத்துக்கொண்டேயிருக்கும். 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்ஸிஜன் உருளையோடு அவ்வறைக்குள் நுழைந்த உறவினர் ஒருவர் இயந்திரத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகையால் ஊழியர் சொல்வதை எழுத்துப் பிசகாமல் கேட்க வேண்டும். நம் பெண்கள் தாலிச் சங்கிலியிலும் வளையலிலும் ஊக்குகளை மாட்டி வைப்பது வழக்கம். அவற்றை மறவாமல் எடுத்துவிட வேண்டும். மெட்டி, கொலுசு, அரைஞாணில் கோத்த தாயத்து, கொண்டை ஊசி எல்லாம் கழற்றப்பட வேண்டியவையே. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிறு ஒன்றை முன்னதாகவே கட்டிக்கொண்டு வருகிறார்கள். இது நல்ல யோசனை. இருதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், உடம்பில் உலோகத் தகடோ குண்டுத் துணுக்கோ உள்ளவர்கள், பட்டறையில் கண்ணில் இரும்புத்தூள் பட்டவர்கள் ஆகியோர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உள்ளே தடதடவென்று பெருஞ்சத்தம் கேட்கும். அரைமணிக்கு மேலும் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கையில் அழைப்பு மணிக் குமிழ் ஒன்று கொடுத்திருப்பார்கள் என்பதை முன்னமே தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும். மருந்து செலுத்தி எடுப்பதானால், சிறுநீரகக் கோளாறோ முன்பு ஊசி ஒவ்வாமையோ இருந்ததைச் சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ. மிக நுட்பமாகக் காட்டுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. இடுப்பு வலிக்காக எடுத்த படத்தின் அறிக்கையில் "எலும்பிடை வட்டு பிதுங்கியுள்ளது" என்று படித்துவிட்டு, அன்று முதல் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க அஞ்சும் மனிதர்களை நாம் பார்க்கிறோம். நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர்களில் வலியே அறியாத பலருக்கும் அப்பிதுக்கம் உண்டு. தலையில் நரை தோன்றுவதைப் போன்றதே அது. படம் கண்டதும், நோயாளி படும் பாடும் ஒத்துப்போகின்றனவா என்பதை டாக்டர் ஆராய்ந்த பின்னரே அதற்குப் பொருள் உண்டு.

நரம்பு மின்னோட்டச் சோதனையைப் பற்றிச் சில வார்த்தைகள். இதில் மட்டும் உண்மையாகவே சிறு மின்சாரம் கையிலும் காலிலும் செலுத்தப்படும், சுண்டினாற்போல் இருக்கும், தீங்கில்லை. தசைக்குள் மெல்லிய ஊசி வைத்தும் பார்ப்பார்கள். அன்று தோலில் எண்ணெயும் களிம்பும் பூசாமல் போக வேண்டும். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கும், விரல்கள் மரத்து இரவில் கையை உதறிக்கொண்டு எழுபவர்களுக்கும் இது பயன்படும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பஞ்சால் தொட்டுப் பார்த்தே தொழுநோயை ஐயுற முடியும், மருந்தும் இலவசம்.

எந்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தாலும், "ஐயா, இதில் என்ன தெரிய வேண்டியிருக்கிறது? தெரிந்தால் வைத்தியம் எப்படி மாறும்? இப்போதே எடுக்க வேண்டுமா, காத்திருக்கலாமா?" என்று பணிவாகக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் இதற்குச் சினங்கொள்ளார். கையெழுத்து வாங்கும் தாளையும் வாசித்துக் காட்டச் சொல்லலாம்; அது சோதனையை விளக்கிச் சொன்னதற்கும் நாம் இசைந்ததற்கும் அடையாளமேயன்றி, உயிர் போகும் என்பதற்கு முன்னறிவிப்பு அன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சோதனைக்கு அது உதவும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறியலாம்.

படங்களையும் அறிக்கைகளையும் தேதிவாரியாக ஒரே உறையில் போட்டு, மடிக்காமல், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். கூரைச் செருகலில் சுருட்டி வைத்த படச்சுருள் ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். உறையின் மேல் நோயாளியின் பெயரையும், இப்போது உண்ணும் மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றையும் எழுதி வைத்துவிட்டால், இரவில் திடீரென்று புறப்பட நேரும்போது வீட்டிலுள்ள எவரும் அதை எடுத்துக்கொண்டு ஓடலாம்.